முதல் பேட்ச்சுக்கே திட்டு விழுந்தது. ஓப்பன் சோர்ஸில் தோல் தடித்தவர்கள்தான் நிற்க முடியுமா?

சேலத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு, லினக்ஸ் கர்னலுக்கு (யாரும் திருத்தம் அனுப்பக்கூடிய ஓப்பன் சோர்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதி) முதல் பேட்ச், அதாவது கோட் திருத்தம், அதைப் பராமரிப்பவரிடமிருந்து ‘இப்படி அனுப்பி எங்கள் நேரத்தைக் கெடுக்காதே’ என்று பதில். இவ்வளவுதான் கேள்வியில் இருக்கிறது. பேட்ச்சைப் பார்க்காமலே ஒன்று சொல்லலாம் தம்பி: ஜிமெயிலை பிரவுசரில் திறந்து ஒட்டி அனுப்பியிருப்பீர்கள். அது டேப்களை ஸ்பேஸாக மாற்றிவிடும், 78 எழுத்துக்கு மேல் போன வரியை மடக்கிவிடும். அதற்குப் பிறகு அந்தப் பேட்ச் யார் கணினியிலும் ஏறாது. உள்ளே கோட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பராமரிப்பாளர் அதுவரை போயிருக்கவே மாட்டார்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்குபவர் பற்றவைப்பு சரியில்லை என்றால் டிசைனைப் பார்க்காமலே தள்ளிவிடுவார் இல்லையா, அது மாதிரிதான். ‘வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து’ என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். அவர் பேசியது மரியாதை கெட்ட பேச்சு என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் தோலைத் தடிக்கவைப்பதைவிட மெயிலைச் சரிசெய்வது சுலபம்.

கிட் சென்ட்-இமெயில் (கிட் கருவியிலிருந்தே பேட்ச்சை மெயிலாக அனுப்பும் வசதி) போட்டுக்கொள்ளுங்கள். ஜிமெயில் என்றால் போர்ட் 587, இரண்டு படி சரிபார்ப்பு, அதன் பிறகு ஆப் பாஸ்வேர்ட். கல்லூரிக் கணக்கில் நிர்வாகி அதை அடைத்திருக்கலாம், அதனால் சொந்தக் கணக்கு. பேட்ச்சின் நடைப் பிழைகளைக் காட்டும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட்டை ஓட்டுங்கள். யாருக்கு அனுப்புவது என்பதை கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்த மெயிலைச் சேமித்து, புதிதாக இறக்கிய கர்னல் சோர்ஸ் கோடில் கிட் ஏஎம் (மெயிலில் வந்த பேட்ச்சை ஏற்றும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் விடுவது இந்தப் படியைத்தான். திருத்தத்தோடு போகும் விளக்கமான கமிட் செய்தியில் எதை மாற்றினீர்கள் என்பதைவிட ஏன் என்பது முக்கியம். இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்ளும் சைன்ட்-ஆஃப்-பை வரியில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். திருத்தி அனுப்பும்போது தலைப்பில் வி2 (இரண்டாம் பதிப்பு), என்ன திருத்தம் என்பது மூன்று கோட்டுக்குக் (---) கீழே. குறைந்தது ஒரு வாரம் போகாமல் நினைவூட்டாதீர்கள். அடுத்த பதிப்புக்கான புதுக் கோடை மொத்தமாகச் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ நடக்கும் இரண்டு வாரத்தில் இன்னும் பொறுங்கள்.

ஸ்டேஜிங் டைரக்டரிக்கு (இன்னும் தரம் சேராத டிரைவர்கள் இருக்கும் இடம்) அனுப்பியிருந்தால் இன்னொன்று. அதைப் பராமரிக்கும் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் பெயரில் வரும் நீளமான பட்டியல் பதில் பல நேரம் அவருடைய பாட் (தானியங்கி நிரல்) அனுப்புவது. எல்லோருக்கும் அதே வாசகம்தான். அதற்குப் போய் மனம் நோகாதீர்கள்.

‘தோல் தடிக்கணும்’ என்பது பழைய சீனியர்கள் பாட்டு. லினக்ஸை உருவாக்கிய, திட்டுக்கே பேர்போன லினஸ் டோர்வால்ட்ஸ் 2018 செப்டம்பரில் தன் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச நாள் விலகியிருந்தார். அதே சமயம் கர்னலுக்கு முறையான நடத்தை விதிகள் வந்தன, அதற்கென்று ஒரு குழுவும் இருக்கிறது. கோடைத் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆளையோ ஊரையோ திட்டினால் காப்பக லிங்க்கோடு அந்தக் குழுவுக்கு எழுதுங்கள், அங்கேயே சண்டைக்கு நிற்க வேண்டாம்.

அடி மறுபக்கமும், அதாவது பராமரிப்பவர்கள்மேலும், விழுகிறது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியைத் தனியாளாகப் பராமரித்தவரை 2022-ல் முன்பின் தெரியாத கணக்குகள் ‘உனக்கு முடியவில்லை, வேறு ஆளிடம் கொடு’ என்று நெருக்கின. தன் மனநலம் சரியில்லை என்று அவரே சொன்ன பிறகும் விடவில்லை. உதவிக்கு வந்தவராகக் காட்டிக்கொண்ட கணக்கு பொறுப்பை வாங்கி, 2024-ல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (திருட்டுத்தனமாக நுழையும் வழி) வைத்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமானதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர் கவனித்திருக்காவிட்டால் அது எவ்வளவு தூரம் பரவியிருக்கும்! அந்த நெருக்கலும் வெளிப்பார்வைக்கு வழக்கமான பயனர் எரிச்சல் மாதிரிதான் இருந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். புல் ரிக்வெஸ்ட் (இணையத்தளம் வழியாகத் திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) எண்ணி மதிப்பெண் போடும் கல்லூரிகள்மேல் எனக்குக் கோபம். 2020 அக்டோபரில் டி-ஷர்ட்டுக்காக ரீட்மியில் (திட்டத்தின் அறிமுகக் கோப்பு) ஒரு வார்த்தை மாற்றி அனுப்பிக் குவித்ததில், ஓப்பன் சோர்ஸ் பங்களிப்புக்கு டி-ஷர்ட் கொடுத்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வை நடத்தியவர்கள் சில நாளிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கெட்ட பெயரை இப்போது ஒழுங்காக அனுப்பும் பிள்ளைகள் சுமக்கிறார்கள். உங்கள் துறையிலும் ‘புல் ரிக்வெஸ்ட் எங்கே?’ என்று கேட்பார்கள். கர்னலுக்கு மெயில்தான் வழி என்று சொல்லி, கர்னல் மெயில்கள் சேரும் லோர் காப்பகத்தில் உங்கள் பேட்ச் இருக்கும் லிங்க்கைக் கொடுங்கள். பதில் சொன்னவரின் திட்டும் அதே பக்கத்தில்தான் இருக்கும், பரவாயில்லை.