புது சர்வீஸ், எர்த் குழி, டெஸ்ட் ரிப்போர்ட்: வேலூர்ப் பக்கத்து வீட்டுக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சத்துவாச்சாரியில் இருபது வருடத்துக்கு மேலாக வயரிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். அரசு உரிமம் இருக்கிறது. வீட்டுக் கரண்ட் வேலைக்கு யாரிடம், என்ன அனுமதி வாங்க வேண்டும் என்று வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். வாரியத்தின் பெயர் 2024-ல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று மாறிவிட்டது. ஆனாலும் நம் ஊரில் அது ஈபிதான், நானும் அப்படியே எழுதுகிறேன்.

காட்பாடியிலிருந்து: அண்ணா, புது வீடு முடியப்போகுது. ரெண்டு ஏசி, ஒரு கீசர், ஒரு எச்.பி. மோட்டார். ஒருத்தர் "எல்லாம் நான் பார்த்துக்கறேன், பேப்பரை மட்டும் குடுங்க"ன்னு மொத்தமா ஒரு தொகை கேட்கிறார். குடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. ஈபி வெப்சைட்டிலேயே விண்ணப்பம் போட்டு, பணமும் அதிலேயே கட்டலாம். ஆதார், போட்டோ, இடம் உங்களுடையது என்பதற்குக் கிரயப் பத்திரமோ பட்டாவோ சொத்து வரி ரசீதோ போதும். இடம் அண்ணன் தம்பி பெயரில் கூட்டாக இருந்தால் மற்றவர்களின் சம்மதக் கடிதமும் வேண்டும். சர்வீஸ் எண் 08 என்று ஆரம்பித்தால் அது வேலூர் மண்டலம்.

இனி லோடு. ஒன்றரை டன் ஏசி ஒன்றுக்கு ஒன்றரை கிலோவாட் என்று வையுங்கள், ரெண்டுக்கு மூன்று. கீசர் ரெண்டு, மோட்டார் முக்கால். லைட், ஃபேன் சேர்க்காமலே ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. நாலு கிலோவாட் வரைக்கும்தான் சிங்கிள் ஃபேஸ், அதைத் தாண்டினால் மூணு ஃபேஸ். "இப்போதைக்கு மூணு கிலோவாட்னு போட்டு சிங்கிள் ஃபேஸ் வாங்கிக்கலாம், ஏசியை அப்புறம் மாட்டிக்கலாம்" என்று அந்த ஆள் கண்டிப்பாகச் சொல்வார். சித்திரை வெயிலில் தெருவே ஏசி போடும்போது உங்கள் ஃபியூஸ் கட்-அவுட் உருகுவதை அவர் வந்து பார்க்கப்போவதில்லை. லோடை உள்ளபடி எழுதுங்கள்.

உங்கள் பகுதி மாநகராட்சிக்குள் வருகிறது. புதுக் கம்பம், லைன் இழுக்கத் தேவையில்லை என்றால், 2024-ல் திருத்திய மத்திய நுகர்வோர் உரிமை விதிப்படி பெருநகரில் 3 நாள், உங்களுடையது போன்ற மற்ற நகரப் பகுதிகளில் 7 நாள், கிராமத்தில் 15 நாளுக்குள் இணைப்பு தர வேண்டும்.

அதே காட்பாடித் தம்பி: டெஸ்ட் ரிப்போர்ட்டுன்னு ஒண்ணு கேட்கிறாங்களே, அது வெறும் கையெழுத்துதானே?

வயரிங்கைச் சோதித்துப் பார்த்தோம், சரியாக இருக்கிறது என்று காண்ட்ராக்டர் எழுதித் தரும் சான்றுதான் அது. ஆனால் வெறும் கையெழுத்தாகத்தான் ஆக்கி வைத்திருக்கிறோம், எங்கள் தொழில்காரர்களைத்தான் சொல்கிறேன். வீட்டையே பார்க்காமல் சீலைக் குத்திக் கொடுக்கிறவர்கள் உண்டு. எனக்கே அந்த அனுபவம். சில வருடம் முன் ஒரு வீட்டில் குளியலறைக் குழாயைத் தொட்டால் சுள்ளென்கிறது என்று கூப்பிட்டார்கள். ரிப்போர்ட்டில் எர்த் சரியாக இருப்பதாக எழுதியிருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். எர்த் பைப் ஒரு முழம்கூட இறங்கவில்லை. கீழே பாறை தட்டியதும் பைப்பை அறுத்து, மேலே சிமெண்ட் பூசி, மூடியும் போட்டுவிட்டார்கள். பச்சை வயர் அந்த மூடிக்குக் கீழே எதிலும் சேராமல் சுருண்டு கிடந்தது.

உண்மையான டெஸ்ட் என்றால் மெக்கர் என்ற மீட்டரை வைத்து 500 வோல்ட்டில் இன்சுலேஷனை, அதாவது வயர் உறை கரண்டைக் கசியவிடாமல் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும், ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. எர்த்தைத் தனியாக அளக்க வேண்டும். ஃபேஸ் சுவிட்சில் வருகிறதா, நியூட்ரல் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு பாயிண்டாகப் பார்க்க வேண்டும். மூணு பெட்ரூம் வீட்டுக்கு அரை நாள் பிடிக்கும். கையெழுத்துப் போடுகிறவர் மெக்கரைக் கையில் கொண்டுவந்தாரா என்று பாருங்கள். கொண்டுவரவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

சத்துவாச்சாரி மலையடிவாரத்திலிருந்து ஒரு அம்மா: எங்க மனையில ரெண்டடி தோண்டினாலே பாறை. எர்த் எப்படிப் போடறது?

நம் ஊர்ப் பிரச்சினையே இதுதான்மா. பாலாற்றை ஒட்டிய மண்ணில் பைப் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும், மலைப் பக்கம் கடப்பாறை நெருப்புப் பொறி விடும். ஒரே குழியில் ஆழம் கிடைக்காவிட்டால் தள்ளித் தள்ளி ரெண்டு மூணு இடத்தில் போட்டு, எல்லாவற்றையும் காப்பர் பட்டையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இடம் தேடும்போது குளியலறைத் தண்ணீர் போகிற பக்கம், தென்னை நிற்கிற பக்கம் பாருங்கள், ஈரம் நிற்கும். குழியில் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, புனல் வைத்த பைப் வழியாகக் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் அளந்து "நல்லா இருக்கு" என்றால் நம்பாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் மண் காய்ந்த பிறகு அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ராணிப்பேட்டையிலிருந்து: பழைய வீட்டுல சுவிட்ச் மாத்த, ஃபேன் மாத்த எல்லாம் ஈபில சொல்லணுமா சார்?

வேண்டாம். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவதற்கு உரிமம் உள்ள ஆளே தேவை என்று விதி சொல்லவில்லை. புதிதாக வயர் இழுப்பது, பாயிண்ட் சேர்ப்பது, போர்டை மாற்றுவது என்று போனால் லைசென்ஸ் பெற்ற காண்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும். லோடு கூடினால் ஈபிக்கும் விண்ணப்பம் போட வேண்டும். மீட்டர் வரைக்கும் அவர்கள் சொத்து, சீலைத் தொடாதீர்கள். மீட்டருக்கு இந்தப் பக்கம் எது எரிந்தாலும் உங்கள் பொறுப்பு.

வாலாஜாவிலிருந்து: ஆர்.சி.டி. மாட்டினதிலிருந்து தினமும் ட்ரிப் ஆகுது. எலக்ட்ரீசியன் அதைக் கழட்டிடலாம்னு சொல்றார்.

கழற்றாதீர்கள், முதலில் எலக்ட்ரீசியனை மாற்றுங்கள். ஆர்.சி.டி. என்பது கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கிற சுவிட்ச். புது சர்வீஸுக்கு ஆர்.சி.டி. கட்டாயம், வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இல்லையென்றால் அது விழும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கும் என்று நினைக்கிறேன். இன்வெர்ட்டர் நியூட்ரலையும் ஈபி நியூட்ரலையும் ஏதோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் ஒன்றாக முறுக்கியிருப்பார்கள். அதைப் பிரித்தாலே பாதி வீட்டில் தொல்லை தீர்ந்துவிடும். அதற்கும் நிற்காவிட்டால் கீசரையும் மோட்டாரையும் ஒவ்வொன்றாகப் பிளக்கிலிருந்து எடுத்துப் பாருங்கள்.

ஆற்காட்டிலிருந்து: வீடு கட்ட டெம்பரரி சர்வீஸ் வாங்கணுமா, பக்கத்து எங்க பழைய வீட்டிலிருந்தே ஒயர் இழுத்துக்கலாமா?

தனி மனையில் புது வீடு என்றால் கட்டுமானத்துக்கான தற்காலிக இணைப்பு வாங்குங்கள். யூனிட் விலை அதிகம்தான். வேலை முடிந்ததும் வீட்டுக் கட்டணத்துக்கு மாற்ற விண்ணப்பம் போட மறக்காதீர்கள், மறந்தவர்கள் நிறைய. பழைய வீட்டு வளாகத்துக்குள்ளேயே மாடியோ ஒரு அறையோ சேர்க்கிறீர்கள், 2000 சதுர அடியும் நாலு கிலோவாட்டும் தாண்டவில்லை என்றால் இருக்கிற வீட்டு சர்வீஸிலேயே செய்துகொள்ளலாம்.

தோட்டப்பாளையத்திலிருந்து: சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வர்ற நோயாளிக் குடும்பங்களுக்கு மாடியில நாலு ரூம் நாள் வாடகைக்கு விடறோம். மீட்டர் வீட்டுக் கட்டணம்தான். பிரச்சினை வருமா?

வரும். வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வருகிறவர்களுக்கு ஓட்டலைவிட உங்கள் ரூம் எவ்வளவோ மேல், அதை நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாள் வாடகை என்றால் அது லாட்ஜ் கணக்கு, வணிகக் கட்டணத்தில் வரும். வீட்டு மீட்டரில் ஓட்டுவது கண்டுபிடிக்கப்பட்டால் 2003 மின்சாரச் சட்டம் 126-வது பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்குக் கணக்கு. மாடியின் வயரிங்கை முழுக்கப் பிரித்து, அதற்குத் தனி வணிக சர்வீஸ் வாங்கிவிடுங்கள். கீழே நீங்கள் குடியிருக்கும் பகுதி வீட்டுக் கட்டணத்திலேயே தொடரும், நூறு யூனிட் இலவசமும் போகாது. மாடிப் படிக்கட்டு லைட் எந்த மீட்டரில் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். செக்கிங் வந்தால் சண்டை பெரும்பாலும் அந்த ஒரு லைட்டில்தான் ஆரம்பிக்கும்.

பேர்ணாம்பட்டிலிருந்து: வாடகை வீடு. வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தரமாட்டேங்கிறார்.

குடியிருப்பதற்கான சான்றோடு, பின்னால் சிக்கல் வந்தால் நானே பொறுப்பு என்று ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, காப்புத் தொகையை இரண்டு மடங்காகக் கட்டினால் இணைப்பு கிடைக்கும்.

குடியாத்தத்திலிருந்து: எங்க நைனா காலமாகி அஞ்சு வருஷம். மீட்டர் இன்னும் அவர் பேர்லதான். விட்டுடலாமா?

பில் கட்டுகிறவரைக்கும் யாரும் கேட்கமாட்டார்கள். லோடு கூட்ட, சோலார் போட, மீட்டர் மாற்றப் போகும்போது கேட்பார்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபனை இல்லாக் கடிதம் வைத்துப் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். அக்கா தங்கை கையெழுத்தைச் சுமுகமாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

கொசப்பேட்டையிலிருந்து: சந்து வீடு. மாடி எடுக்கிறோம். ஈபி லைன் கைக்கெட்டற தூரத்துல போகுது. மேஸ்திரி பி.வி.சி. பைப் மாட்டி மறைச்சிட்டு வேலை பார்க்கலாம்னு சொல்றார்.

வேலையை இன்றைக்கே நிறுத்துங்கள். வீடுகளுக்குக் கரண்ட் தரும் சாதாரண லைன் என்றால், கட்டடத்துக்கும் லைனுக்கும் நடுவே மேல்பக்கம் 2.5 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். 11 கே.வி. உயர் அழுத்த லைன் என்றால் மேல்பக்கம் 3.7 மீட்டர், பக்கவாட்டில் அதே 1.2. பைப் மாட்டுவதால் இந்தக் கணக்கு மாறாது. ஈபி செக்‌ஷன் ஆபீஸில் உதவிப் பொறியாளரிடம் (ஏ.ஈ.) லைனைத் தள்ளிப்போட எழுதிக் கொடுங்கள். எஸ்டிமேட் போடுவார்கள், பணம் நீங்கள்தான் கட்ட வேண்டும், கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். மனு கிடப்பில் கிடந்தால் ஈபியின் புகார் மையமான மின்னகம் 94987 94987-ல் புகார் பதிந்து எண்ணை வாங்கி வையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அங்கே போங்கள். லைன் நகரும் வரைக்கும் மாடிக்குக் கம்பி ஏற்ற வேண்டாம். இருபதடி முறுக்குக் கம்பியை நிமிர்த்தித் தூக்கும்போது அதன் மேல்நுனி எங்கே போகிறது என்று தூக்குகிறவனுக்குத் தெரியாது.