ஆளில்லா அரங்குக்கு 1 யூரோ சீட்டு

கேள்வி: மைதானத்துக்குள் ரசிகர்களை அனுமதிக்காத காலத்தில், தொலைக்காட்சியில் பார்ப்பதைத் தவிர ஒரு கால்பந்து அணிக்கு நாம் உண்மையிலேயே கைகொடுக்க முடியுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: முடியும், 2020-இல் ஜெர்மனியில் அது நடந்தது. கொரோனாவால் ஆட்டங்கள் நின்றுபோய், வருமானமின்றித் தவித்த கீழ்ப்பிரிவு அணியான லோகோமோட்டிவ் லைப்சிக், கண்ணுக்குத் தெரியாத எதிரணியுடன் மோதும் கற்பனை ஆட்டமொன்றை அறிவித்து, அதற்கு 1 யூரோ விலையில் சீட்டு விற்றது. 1987-இல் பிரான்சின் போர்டோ அணியுடனான ஐரோப்பிய அரையிறுதிக்குத் திரண்டதாகச் சொல்லப்படும் 1,20,000 பேரை மிஞ்சுவதே அதன் இலக்கு. விற்றுத் தீர்ந்தவையோ 1,80,000-க்கும் மேல். எத்தனை பெரிய பாசம் அது! மற்றொரு ஜெர்மன் அணியான மொன்ஷன்கிளாட்பாக்கின் ரசிகர்கள் 19 யூரோ செலுத்தி, தங்கள் புகைப்படம் ஒட்டிய அட்டை உருவங்களை அரங்கில் நிறுத்தியதும் மனத்தைத் தொட்டது. ஆயினும் சிறிய அணிக்கு உடனடித் தேவை பணம்தான். ஆகவே, ரத்தான ஆட்டத்தின் சீட்டுத் தொகையைத் திரும்பக் கேட்காமல் விட்டுக்கொடுப்பதையே முதலில் பரிந்துரைப்பேன்.