தோட்டத்து இடுகாட்டுக் கல்லில் ‘பிரபவ’ என்றிருந்தால் எந்த ஆண்டு?

மலேசியாவின் கேரித் தீவுப் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் தாத்தாவின் கல்லில் ‘பிரபவ வருஷம்’ என்று மட்டும் இருப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். அறுபது ஆண்டுச் சுற்றில் பிரபவ 1867, 1927, 1987 சித்திரையில் பிறந்தது. தாத்தாவுக்கு 1927தான் பொருந்தும். ஆனால் மாதம் தை, மாசி, பங்குனி என்றிருந்தால் 1928. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். தேதி ‘கஎ’ மாதிரித் தெரிந்தால் அது தமிழ் எண்ணில் 17 (க 1, எ 7). ‘ய’ போன்ற குறி பத்து, ஆக ‘யஎ’யும் 17தான்.

எழுத்து மங்கலா? கம்பி பிரஷ், ஆசிட், குளோரோக்ஸ் போன்ற பிளீச் எதுவும் வேண்டாம். தண்ணீரும் நைலான் பிரஷும் போதும். பொழுது சாய்ந்ததும் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் படுக்கவைத்து அடியுங்கள். வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். உப்புக்காற்றில் உள்கம்பி துருவேறி வீங்கி, சிமெண்ட் வெடித்திருந்தால் தொடவே வேண்டாம், படம் மட்டும் எடுங்கள். தேய்த்தால் மேல்பூச்சு எழுத்தோடு பெயர்ந்துவிடும்.