வாசகர் கேள்வி – பதில்: பழைய பேரேட்டை எப்போது மூடுவது?

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் மருத்துவக் காப்புறுதித் திட்டத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். வைத்தியசாலையில் தங்கும் நாளுக்கு இவ்வளவு என்று உறுப்பினர்களுக்குக் கொடுத்து வருகிறோம். அங்கத்துவம், சந்தா, உரிமைகோரல் மூன்றையும் ஒன்றாகப் பார்க்கும் புதிய மென்பொருள் வாங்கியாயிற்று. டிசம்பர் கடைசி வார இறுதியில் எல்லாவற்றையும் மாற்றி, ஜனவரி 1 முதல் பழையதை நிறுத்திவிடலாம் என்கிறார்கள் பொறியியலாளர்கள். இது சரியா?
– வாசகர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: ஜனவரி 1 நல்ல நாள்தான், அன்றே பழையதை நிறுத்துவதுதான் பிழை. ஆண்டு உச்சவரம்பு, அதாவது ஓர் உறுப்பினர் ஓர் ஆண்டில் பெறக்கூடிய ஆகக் கூடிய தொகை, அன்று எல்லோருக்கும் பூச்சியத்திலிருந்து தொடங்குமானால், ஒருவர் இதுவரை எவ்வளவு பெற்றிருக்கிறார் என்ற கணக்கை, மாற்றத்தின்போது எளிதில் பிசகக்கூடிய அந்தக் கணக்கை, புதியதற்குக் கொண்டுபோக வேண்டியிராது. ஆனால் நவம்பரில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கிடந்தவர் தம் பத்திரங்களோடு உங்கள் கருமபீடத்துக்குப் பெப்ரவரியில் வந்து நிற்பார். அவருக்குப் பழைய ஆண்டின் விதியும், அந்த ஆண்டில் அவருக்கு எஞ்சியிருந்த தொகையுமே பொருந்தும். ஆகவே சிகிச்சை பெற்ற திகதியைக் கொண்டு எந்த உரிமைகோரல் எந்த முறைமைக்கு என்று பிரித்து, பழைய ஆண்டுக்கான கோரிக்கைகளை ஏற்கும் கடைசி நாள் கடந்து, கடைசிக் காசோலையும் போகும் வரை பழையதை வைத்திருங்கள். டிசம்பர் 29இல் அனுமதிக்கப்பட்டு ஜனவரி 3இல் வீடு திரும்பியவர் எந்த ஆண்டைச் சேர்ந்தவர் என்பதை உங்கள் நிர்வாகக் குழு எழுத்தில் தீர்மானிக்க வேண்டும். அதை நிரல் எழுதுபவரின் ஊகத்துக்கு விடக்கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து நாட்களை எண்ணுவதில் இருக்கிறது. திங்கள் இரவு பதினொரு மணிக்குக் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு, செவ்வாய் காலை யாழ்ப்பாணத்துக்கு மாற்றப்பட்டு, வியாழன் நண்பகல் வீடு திரும்பிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரவுகளை எண்ணினால் 3. போன நாளையும் வந்த நாளையும் சேர்த்து எண்ணினால் 4. இரண்டு வைத்தியசாலைகளையும் இரண்டு தனி அனுமதிகளாகப் பதிந்தால், செவ்வாய் இருமுறை எண்ணப்பட்டு 5 ஆகிவிடும். உங்கள் அலுவலகத்தில் இதுவரை எது நடந்தது என்பது பெரும்பாலும் மூத்த எழுதுவினைஞர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும்; எந்தச் சுற்றறிக்கையிலும் இராது. அவர் ஓய்வுபெறுமுன் பக்கத்தில் ஒரு கொப்பியோடு இருந்து எழுதிக்கொள்ளுங்கள். (வாங்கிய மென்பொருளின் விலையைவிட அந்தக் கொப்பி பெறுமதி கூடியது என்பது என் எண்ணம்.)

அதன்பின், கடந்த ஆண்டில் ஏற்கெனவே பணம் கொடுத்து முடித்த கோரிக்கைகளை, குறிப்பாகத் தகராறு வந்தவற்றை, புதிய மென்பொருளில் மீண்டும் ஓட்டிப் பாருங்கள். ஒரு ரூபாய் வேறுபட்டாலும் காரணம் கேளுங்கள். சிலவற்றில் புதியது பிழையாக இருக்கும். சிலவற்றில் நீங்கள் பல ஆண்டுகளாகப் பிழையாகக் கொடுத்து வந்திருப்பீர்கள். பின்னதைக் கண்டவுடன் சத்தமில்லாமல் திருத்திவிடாமல் நிர்வாகக் குழுவிடம் கொண்டுபோங்கள்.

ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் மாற்றுவது பற்றி: பிரித்தானியாவின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் அப்படித்தான் செய்தது. தரவுகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. புதிய முறைமை பாரம் தாங்காமல் தடுமாறி, ஏராளமானோர் தம் கணக்குகளைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். நிலைமை முழுதாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. 2022இல் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சம் பவுண்களுக்கு மேல் தண்டம் விதிக்கப்பட்டது. தரவு வந்து சேர்ந்ததென்பது வேறு, வேலை நடக்கிறதென்பது வேறு.

கேள்வி: புதிய மென்பொருளில் பரீட்சார்த்தமாக ஏற்றிய உறுப்பினர் பட்டியலில் பாதிப்பேர் தேடினால் அகப்படவில்லை; சிலர் இருமுறை இருக்கிறார்கள். ஏன்?
– வாசகி ஒருவர், முல்லைத்தீவு

பதில்: உங்கள் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவையாக இருக்க வேண்டும். பாமினியில் கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பின்னர் தட்டுவோம்; இன்றைய கணினிகளின் பொது எழுத்து முறையான யூனிகோட்டில் கொம்பு எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். மேலும் ‘கொக்கிளாய்’ என்பதன் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டு ஊர்கள். ஏற்றுமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும்படி வழங்குநரிடம் கேளுங்கள்.

இரட்டிப்புக்கு அடையாள அட்டையைப் பாருங்கள். 2016க்கு முன் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும். பின்னர் பன்னிரண்டு இலக்கங்கள். பழைய இலக்கத்தின் முன் 19 சேர்த்து, பழைய ஒன்பதில் ஐந்தாவது இலக்கத்தின் பின் ஒரு பூச்சியம் இட்டு, எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் கிடைக்கும். அட்டை மாற்றியவர் இந்த வழியாகத்தான் இரண்டு உறுப்பினராகி, இரண்டு உச்சவரம்பும் பெற்றுவிடுகிறார். பிறந்த நாள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும் மூன்று இலக்கங்களில் பெண்களுக்கு 500 கூட்டப்பட்டிருப்பதால், ஆண் எனப் பதியப்பட்டவருக்கு அது 500ஐத் தாண்டினால் எங்கோ கை தவறியிருக்கிறது. பெயரை மட்டும் வைத்து ஒருவரையும் நீக்கிவிடாதீர்கள். இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்து மறுபடி எடுத்தவர்களின் பெயர் பத்திரத்துக்குப் பத்திரம் எழுத்து மாறியிருப்பதும், திருமணத்தின்பின் பெண்ணின் தலைப்பெழுத்து தந்தையினதிலிருந்து கணவனதாக மாறுவதும் நம் ஊரில் சாதாரணம். அழைத்துக் கேட்டபின் இணையுங்கள்.

கேள்வி: கருமபீடத்தில் இருப்பவர் உறுப்பினரின் நோய் விபரத்தைப் பார்க்கலாமா?
– வாசகர் ஒருவர், மன்னார்

பதில்: வேண்டாம். அங்கத்துவம் நடப்பில் உள்ளதா, பத்திரங்கள் முழுமையா என்பது அவருக்குப் போதும். நோய் விபரம் கோரிக்கையைத் தீர்மானிப்பவருக்கு மட்டும் திறக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுகாதாரத் தரவைத் தனிக் கவனத்துக்குரிய வகையில் வைத்திருக்கிறது. யார், எப்போது திறந்து பார்த்தார் என்ற பதிவு அழிக்க முடியாதபடி விழுகிறதா என்பதையும், ஒரே கடவுச்சொல்லை மூவர் பாவிக்கும் வழக்கம் உங்கள் அலுவலகத்தில் உண்டா என்பதையும் பாருங்கள். பின்னது இருந்தால் முன்னது வீண்.