டெக்சாஸ் பிரைமரியில் முற்போக்குப் புதுமுகம் ஜெயிக்க முடியுமா?

முடியும். ஆனால் பிரைமரி, அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், முதல் சுற்றை மட்டும் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. டெக்சாஸ் உட்பட பல தென் மாநிலங்களில் யாரும் 50 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் முதல் இருவருக்கும் மறுசுற்று உண்டு.

2022-ல் டெக்சாஸில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் முற்போக்கு வேட்பாளர் ஜெசிக்கா சிஸ்னெரோஸ் பல ஆண்டுகளாக எம்.பி.யாக இருந்த ஹென்றி குவெய்யாரை எதிர்த்தார். மார்ச்சில் இருவருமே 50-ஐத் தாண்டவில்லை. மே மறுசுற்றில், மறு எண்ணிக்கைக்குப் பிறகு, ஜெசிக்கா தோற்றது வெறும் 289 வாக்குகளில்! தொகுதியில் சான் அன்டோனியோ நகரப் பக்கம் அவருக்குப் பலம். குவெய்யாரைக் காப்பாற்றியது எல்லை நகரமான லாரெடோ. இத்தனைக்கும் ஜெசிக்காவும் லாரெடோக்காரர்தான்.

மறுசுற்றுக்குப் பொதுவாகக் கூட்டம் குறையும், வழக்கமாக வாக்களிக்கும் வயதானவர்கள் தவறாமல் வருவார்கள். அதனால் புதுமுகத்தின் வாய்ப்பை எடைபோட, இளைஞர்களை இரண்டாம் முறையும் வாக்குச்சாவடிக்கு அழைத்துவர அவரிடம் ஆள் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.