விண்கல் மழை பார்க்கப் படிகப் பெட்டி தேவையா?

கேள்வி: டிசம்பரில் வரும் ஜெமினிட் விண்கல் மழையைப் பார்த்தபடி தியானம் செய்வதற்கென்று ஸ்படிகம், அமெதிஸ்ட் (ஊதா நிறக் கல்), மோல்டவைட் ஆகிய மூன்று கற்கள் அடங்கிய பெட்டியை இணையத்தில் 4,500 ரூபாய்க்கு விற்கிறார்கள். அன்றிரவு கற்கள் விண்ணின் ஆற்றலை ஈர்த்துக்கொள்ளும் என்றும், பிறகு தலையணைக்கு அடியில் வைத்தால் தூக்கமின்மை தீரும் என்றும் விளம்பரம் சொல்கிறது. வாங்கலாமா? (வாசகி, தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்)

பதில்: வானத்தைப் பார்த்து மனம் அடங்கி உட்கார வேண்டும் என்ற விருப்பம் நல்லது. கையில் ஒரு கல் இருப்பது மனத்தை ஓரிடத்தில் நிறுத்த உதவுமானால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஜெமினிட் எரிநட்சத்திரங்கள் 3200 ஃபேத்தான் என்ற சிறுகோள் உதிர்த்த துகள்கள். தரைக்கு ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்திலேயே எரிந்துபோகும் அவற்றிலிருந்து உங்கள் கையிலிருக்கும் கல்லுக்கு வந்து சேர எதுவுமில்லை. தூக்கமின்மைக்கு மருத்துவரைப் பாருங்கள்.

பெட்டியில் ஏமாற்றத்துக்கு அதிக இடமுள்ளது மோல்டவைட்டில்தான். சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய ஜெர்மனியின் ரீஸ் பகுதியில் விண்கல் மோதியபோது உருகிச் சிதறிய பூமியின் மண்ணே, செக் நாட்டில் கிடைக்கும் இந்தப் பச்சைக் கண்ணாடி. அது விண்கல் அன்று. இயற்கையான கண்ணாடி என்பதால், அச்சில் வார்த்த பச்சைக் கண்ணாடியிலிருந்து அதை வீட்டில் பிரித்தறிவது கடினம். இரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்று இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஸ்படிகம் என்பது குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் நிறமற்ற வகை; அதை ஓரளவு நாமே சோதிக்கலாம். உருண்டையை ஒரு தலைமுடியின்மேல் வைத்து மெல்லத் திருப்பிப் பார்த்தால், குவார்ட்ஸில் சில கோணங்களில் முடி இரண்டாகத் தெரியும்; கண்ணாடியில் ஒன்றாகவே தெரியும். லென்ஸில் வட்டமான காற்றுக் குமிழிகள் தெரிந்தால் அது பெரும்பாலும் கண்ணாடியே. ஆய்வகத்தில் வளர்த்த குவார்ட்ஸும் இச்சோதனைகளில் தேறிவிடும் என்பதால், கன்னியாகுமரி கடைவீதியில் வாங்கினாலும் 'இயற்கைக் குவார்ட்ஸ்' என்று எடையுடன் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். அமெதிஸ்டை வெயிலில் வைத்தே இருந்தால் நிறம் வெளிறும்.

எரிநட்சத்திரம் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். டிசம்பர் 13, 14 தேதிகளையொட்டிய இரவுகளில், மிதுன ராசி உச்சிக்கு ஏறும் நள்ளிரவுக்குப் பின், கைப்பேசியை அணைத்து அரை மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். உங்கள் மாவட்டத்து முட்டம் கடற்கரையில் கலங்கரை விளக்கின் ஒளி இடையூறாக இருக்கும். ஊர் விளக்குகள் எட்டாத வீட்டு மொட்டைமாடியே பாதுகாப்பானது. வடகிழக்குப் பருவமழை மேகம் அன்று வானத்தை முழுவதும் மூடிவிடவும் கூடும், ஆகவே 'இந்த ஒரு இரவு மட்டும்' என்ற அவசர விளம்பரத்துக்கு இணங்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால், விளம்பரத்தின் படத்தையும் பில்லையும் பத்திரப்படுத்தி, முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி. தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டம் என்ற முறையில் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது.