பாதையோரத்தை விற்றுவிட்டு மேலே தோட்டம் செய்யலாமா?

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மாநகர சபை எல்லையைத் தாண்டியதும் அப்பாவின் பெயரில் ஒன்றேகால் ஏக்கர் காணி இருக்கிறது. பாதையோரம் ஓரளவு சமன். அங்கே போஞ்சி, கரட், கோவா போடுகிறோம். மேலே போகப் போகச் சரிவு, உச்சியில் யூக்கலிப்டஸ் மரங்கள். பாதைக்குக் கீழே ஓடைக்கரையில் சின்ன வயலும் உண்டு. சுற்றிவர வீடுகள் வந்துவிட்டன. பாதையோரத்தை ஆறு பேர்ச்சஸ் துண்டுகளாகப் போட்டு விற்றுவிட்டு மேலே தோட்டத்தைத் தொடரலாம் என்கிறார் தரகர். அண்ணாவும் அக்காவும் சரி என்கிறார்கள். அப்பாவுக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?"

கொஞ்சம் விற்கலாம். மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் காணியை அப்படியே வைத்திருங்கள் என்று வெளியாள் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. ஆனால் தரகர் சொல்லும் இடத்தில் மட்டும் கோடு போடாதீர்கள். அவர் கேட்பது உங்கள் காணியில் மரக்கறிக்கு மிக நல்ல பகுதி. அதைக் கொடுத்துவிட்டால் கரட்டும் கோவாவும் சரிவில் ஏறும். அங்கே மண்ணைக் கொத்தக் கொத்த, ஒவ்வொரு மழைக்கும் அந்த மண் கீழே நீங்கள் விற்ற வீடுகளின் முற்றத்தில்தான் வந்து விழும். இரண்டு வருடத்தில் தோட்டமும் கெட்டு, அயலாரோடு பகையும் வந்துவிடும்.

என் யோசனை இது: காணியைக் குறுக்கே வெட்டாமல் நெடுக்கே வெட்டுங்கள். ஏற்கனவே வீடுகள் நெருங்கி வந்திருக்கும் பக்கத்தில் ஒரு பட்டையை விற்பனைக்கு ஒதுக்குங்கள். அதிலும் சமனான கீழ்ப்பகுதியை மட்டும் விற்று, உச்சியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பக்கம் பாதையிலிருந்து உச்சிவரை தோட்டமாகவே இருக்கட்டும். அப்போது தோட்டத்துக்குச் சொந்தமாகப் பாதை முகம் இருக்கும். லொறி வாசலுக்கு வரும். சமன் நிலமும் கையில் இருக்கும். நாளை இன்னொரு துண்டு விற்க வேண்டி வந்தாலும் வழி அடைபடாது.

கணக்கையும் ஒருமுறை பாருங்கள். ஒன்றேகால் ஏக்கர் என்றால் 200 பேர்ச்சஸ். தரகர் அதை ஆறால் வகுத்து ஆசை காட்டுவார். ஆனால் துண்டு கூடக்கூட உள்பாதையின் அகலமும் கூட வேண்டும். 12 அடி அகலத்தில் 300 அடி நீளப் பாதை போட்டாலே 13 பேர்ச்சஸுக்கு மேல் போய்விடும். வடிகானுக்கும் வாகனம் திருப்பவும் இடம் விட வேண்டும். பாதையை ஒட்டிய பன்னிரண்டு, பதினைந்து பேர்ச்சஸ் துண்டுகள் சிலவற்றை விற்பது பல வேளைகளில் கையில் அதே காசைத் தரும், மலையையும் குறைவாகவே வெட்ட வேண்டியிருக்கும்.

இனிச் சரிவு. நில அளவையாளர் வருவதற்கு முன் நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரு மீற்றர் நீளமுள்ள நேரான தடியின் ஒரு முனையை மேல் பக்கம் தரையில் வைத்து, நீர்மட்டம் பார்த்துத் தடியைக் கிடையாகப் பிடியுங்கள். மறுமுனையிலிருந்து தரைவரை நேர்கீழாக அளவுங்கள். 30 சென்ரிமீற்றர் என்றால் 30 சதவீதச் சரிவு. 60 சென்ரிமீற்றரைத் தாண்டினால் அங்கே வீடும் வேண்டாம், மரக்கறியும் வேண்டாம். மரமும் புல்லும் நிற்கட்டும். சமனுக்கும் அதற்கும் இடைப்பட்ட சரிவுக்குக் கற்கட்டும், சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் ஓடும் சமவுயரக் கானும் வேண்டும், கான் ஓரத்தில் மானாப்புல் வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் நம் பெரியவர்கள் கான் வெட்டியே மண்ணைப் பிடித்து வைத்தார்கள். அந்த வேலையின் அருமை மரக்கறித் தோட்டங்களில் மறந்துபோனது எனக்குப் பெரிய கவலை.

வீடு கட்டுபவர்கள் செய்யும் மிக ஆபத்தான வேலை, சரிவின் அடியைச் செங்குத்தாக வெட்டி அந்த மண்ணை முன்பக்கம் கொட்டிச் சமன் செய்வது. பின்னால் தாங்கிநின்ற மண் போய்விடுகிறது. முன்னால் கொட்டிய மண் இறுகாமல் கிடக்கிறது. மழைநீர் இரண்டுக்குள்ளும் இறங்குகிறது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவில் லயங்கள் புதைந்ததை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் மழை மலையகத்தை என்ன செய்தது என்பதும் கண்முன்னே இருக்கிறது. பதுளை, நுவரெலியா, கண்டி போன்ற மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கப்படுவது இதனால்தான். வாங்குபவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். துண்டு போடுவதற்கு முன் நீங்களே விண்ணப்பியுங்கள். எந்தப் பகுதியில் கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று தெரிந்தால் கோட்டை அதற்கேற்ப நகர்த்தலாம். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று வந்த ஊற்று, கலங்கிய பீலித் தண்ணீர் இவற்றில் எதையாவது பார்த்திருந்தால் அதிகாரியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன. ஊற்று மேலே இருக்கும், குழாய் கீழே விற்ற துண்டு வழியாக வரும். புதிய சொந்தக்காரர் மதில் கட்டும்போது குழாயை வெட்டிவிட்டால் எங்கே போய் நிற்பீர்கள்? குழாய் வழி, கான் வழி, நடைவழி மூன்றையும் வரைபடத்தில் காட்டி, உறுதியிலும் எழுதுங்கள். வாய்ப்பேச்சு ஒரு தலைமுறைகூட நிற்காது. புதிய வீடுகளின் மலக்குழியும் குளியலறைத் தண்ணீரும் எங்கே இறங்கும் என்பதையும் யோசியுங்கள். அவை சரிவுக்குள் ஊறினால் மண் எப்போதும் ஈரமாகவே இருக்கும். கீழே கிணறும் வயலும் கெடும். உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்க வேலையின்போது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றி, சுவர்கள் வெடித்ததைப் பார்த்த உங்களுக்கு நிலத்தடி நீரைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை.

வயலைத் தொடாதீர்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியில்லாமல் வயலை நிரப்ப முடியாது. இரவில் நாலு டிப்பர் மண் கொட்டினால் யார் கேட்பார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன்: மேலிருந்து வரும் வெள்ளத்தைத் தாங்கி ஓடைக்கு விடுவது அந்த வயல்தான். சிறுபோகத்தில் உருளைக்கிழங்கு போடவும் அதைவிட நல்ல மண் உங்களுக்குக் கிடைக்காது.

பத்திரம் பற்றிச் சுருக்கமாக. அப்பாவின் பெயரில் இருப்பது தனியார் உறுதியா, அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரமா, ஜயபூமி, ஸ்வர்ணபூமி போன்ற அளிப்பா என்று முதலில் பாருங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வந்தது என்றால் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. விரும்பியபடி துண்டு போடவும் முடியாது. தனியார் உறுதி என்றாலும் தாத்தா காலத்துப் பிரிக்கப்படாத பங்கு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நொத்தாரிசைக் கொண்டு தேடிப்பாருங்கள். அப்புறம் பிரதேச சபைக்குப் போய், உங்கள் காணி நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிக்குள் வருகிறதா, எந்த வலயத்தில் இருக்கிறது, பாதை அகலிப்புக் கோடு எங்கே போகிறது என்று கேளுங்கள். அந்தப் பகுதிக்குள் வந்தால் துண்டு போடவே அனுமதி வேண்டும்.

வீடுகள் வந்த பிறகும் தோட்டம் நிம்மதியாக நடக்க, எல்லையோரம் இரண்டு, மூன்று மீற்றர் அகலத்தில் அடர்த்தியான வேலி மரங்கள் வையுங்கள். கிருமிநாசினி அடிக்கும்போது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். கோழி எருவை மூடி மக்கவைத்த பிறகே போடுங்கள். முறைப்பாடு வருவது பெரும்பாலும் இந்த இரண்டாலும்தான். நகரம் பக்கத்தில் வந்ததை வருமானமாக்கவும் முடியும்: சலாது இலை, ஸ்ட்ரோபெரி, நாற்று மேடை என்று குறைந்த இடத்தில் செய்யக்கூடியவற்றை அங்குள்ள கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் நேரடியாகக் கொடுக்கலாம். அப்பாவின் மனம் இதில் இறங்கி வரக்கூடும்.

கடைசியாக, தரகர் முற்பணம் நீட்டினால் இப்போது வாங்காதீர்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் ஒரு நாள் அண்ணா, அக்கா, அப்பா எல்லோருமாகக் காணியைக் கீழிருந்து மேலே நடந்து பாருங்கள். தண்ணீர் ஓடும் வழிகளில் முளை அடித்து வையுங்கள். மண்சரிவு அறிக்கை கைக்கு வந்த பிறகு, அந்த முளைகளைக் காட்டி நில அளவையாளரிடம் கோடு போடச் சொல்லுங்கள். விற்பனை உடன்படிக்கையில் அப்பா கையெழுத்து வைப்பது அதற்குப் பிறகு.